நான் பிரித்துப் போட்ட காளான் வைக்கோல்

1

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. குருவிநத்தம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். ஆறாவதுக்குப் பாகூர் போக வேண்டும், வீட்டில் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடிதமும் மளிகைச் சீட்டும்தான். வயது எழுபத்திரண்டு ஆகிறது, மறதி வேறு. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று உங்கள் பத்திரிகையில் போட்டிருந்தது. நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. கல்யாணத்துக்குப் போனாலும் மூலையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுவேன். ஆனால் உங்கள் பத்திரிகை பாகூரில் கடை வாசலில் தொங்கும், குருவிநத்தத்தில் டீக்கடைக்கும் வரும். அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறு ஆசை இல்லை.

2

நாங்கள் இருப்பது பாரீசுக்கு வெளியே, ரயிலில் நாற்பது நிமிஷம். என் மாமனார் சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில் என் வீட்டுக்காரர் இங்கே வந்து கார் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் இருபத்து மூன்று வருஷம் மேசை துடைத்தேன். இப்போது மகள் விமலா வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறேன். விமலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மகள் லீனாவுக்குப் பதினாறு வயது. என்னை "ஆயா" என்று கூப்பிடுவாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அதுவும், "சாப்பாடு"ம், "போதும்"மும்தான். இந்த மூன்று வார்த்தையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளை ஓட்டிவிடுவோம்.

இந்த ஊருக்கு வந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் தலையாட்டுவது. வேலை இடத்தில் மேஸ்திரி அம்மா வேகமாக ஏதோ சொல்லுவார். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லுவார், இன்னும் சத்தமாக. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து முதல் தடவையே "வீ, வீ", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அப்புறம் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வேன். அப்படியே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. டாக்டரிடம், பாங்கில், மேரி என்கிற நகராட்சி ஆபீசில், எல்லா இடத்திலும் தலையாட்டி இருக்கிறேன். அது எனக்குக் கெடுதல் செய்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

3

இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் தபாலில் ஒரு சீட்டு வந்தது. எனக்குப் பார்சல் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும் என்று. விமலாவுக்கு டியூட்டி, லீனாவுக்குப் பள்ளிக்கூடம். நானே போனேன்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் குப்பம்மாள் என்பதைப் பிரெஞ்சுக்காரன் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கும், கடைசியில் இரண்டு எழுத்து கூட. பார்சலின் மேல் இங்கிலீஷ் மாதிரி எழுதியிருந்தது. அது வேறு ஆள், இது வேறு ஆள் என்று தபால் ஆபீசில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து கரண்டு பில், பழைய கல்யாணப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். அன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அனுப்பியது ஊரில் காளான் படரவிட்ட வைக்கோலில் வேலை செய்கிற என் தம்பி மகள், அதுதான் இருக்கும் என்று நினைத்தேன். வைக்கோலுக்கு பிரெஞ்சில் என்னவென்று அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. காளானுக்குத் தெரியும், கடையில் வாங்குகிறோமே. "ஷம்பிஞ்ஞோன்" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள். உள்ளே போய் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்தியாவிலிருந்து காளானா என்று இரண்டு பேரும் என் எதிரிலேயே பெட்டியைப் பிரித்தார்கள்.

உள்ளே ஒரு குழித்தட்டு இருந்தது. நர்சரியில் கத்திரி, மிளகாய் நாற்று விடுகிற தட்டு. பழுப்பு நிறம், மேலே சின்னச் சின்னதாக வைக்கோல் கீற்று தெரிந்தது. அந்த ஆள் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது பிளாஸ்டிக் அம்மா என்று சிரித்தார். நான் தலையாட்டினேன்.

பெட்டியில் ஒரு கடிதமும் இருந்தது. என் தம்பி மகள் ரேவதி எழுதியது. "அத்தை, நம்ம வூட்டு வைக்கோல்ல செஞ்ச மொத தட்டு இது. கம்பெனியில பாஸ் ஆயிடுச்சி. போன வருஷம் அந்த மூட்டை கெட்டுப் போவாம இருந்திருந்தா அப்பவே வந்திருக்கும். இன்னா பண்றது, பவுனு அஜாக்கிரதை." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

4

ரேவதி எம்.எஸ்சி. படித்தவள். நுண்ணுயிர் படிப்பு. தவளக்குப்பத்தில் கொஞ்ச நாள் ஒரு லேப்பில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டு போட்டாள். அங்கே வைக்கோலில் காளானைப் படரவிட்டு, பிறகு அந்த வைக்கோலை அரைத்து, சேதராப்பட்டு பக்கம் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது. அவர்கள் அதை உருக்கின பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டும் தொட்டியும் அச்சில் ஊற்றுவார்கள்.

போன வருஷம் மார்கழிக் கடைசியில் நான் ஊருக்குப் போனபோது வந்த அன்றைக்கே ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் சொன்னாள். பாதி இங்கிலீஷ். என் தம்பி, தம்பி பெண்டாட்டி சரோஜா, வேலைக்காரப் பெண் பவுனு எல்லோரும் நின்றிருந்தார்கள். "புரிஞ்சிதா அத்தை?" என்றாள். நான் தலையாட்டினேன்.

புரியவில்லை. காளான் போட்டிருக்கிறாள் என்ற அளவில்தான் எனக்கு விளங்கியது. நான் பிரான்சிலிருந்து வந்தவள், அங்கே இதெல்லாம் பார்த்திருப்பேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

இப்போது புரிந்ததை எழுதுகிறேன். வைக்கோலைப் பொடி செய்து அப்படியே பிளாஸ்டிக்கில் போட்டால் ஒட்டாதாம். அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு. உள்ளே நாரையும் நாரையும் இறுக்கிப் பிடித்திருக்கிற ஒரு விறைப்பு. வெள்ளைக் காளானின் வேர் மாதிரியான நூல் அந்த விறைப்பைத் தின்றுவிடும். நார் மிஞ்சும். அந்த நார் அரைக்க சுலபம், பிளாஸ்டிக்கிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் காளான் குடை விட்டு வெளியே வர விடக்கூடாது. மூன்று வாரத்தில் காயவைத்து நிறுத்திவிட வேண்டும். விட்டால் நாரையும் தின்னும்.

பவுனு இதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரனாட்டம் தான். எலும்ப தின்னுட்டு எழுந்திருடான்னா, எலையையும் தின்னுட்டு தான் எழுந்திருப்பான்."

"செத்தவன இன்னாத்துக்கு இழுக்கற?" என்றாள் சரோஜா.

"இருந்தப்ப சொன்னா அடிப்பான். இப்ப தான சொல்ல முடியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பவுனுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நடவு, களை, நாற்றுப் பறி எல்லா வேலையிலும் அவள் கை முந்தும். ரேவதியிடம் வந்த பிறகு வைக்கோலை நறுக்குவது, டிரம்மில் கொதிக்கவைப்பது, வடிய விட்டு ஆறவைப்பது, காளான் வித்து தூவி மூட்டை கட்டுவது எல்லாம் அவள்தான். சோளத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கும், அதுதான் வித்து. அதைத் தொடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட்டு ஊற்றித் தேய்த்துக்கொள்வாள். "சாராய வாசனைன்னு தெருவுல என்ன ஒரு மாரி பாக்கறாங்க பெரிம்மா" என்பாள்.

5

எங்கள் பக்கம் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்று மணலுக்குச் சாமிகள் வரும், சனம் எல்லாம் ஆற்றில்தான் இருக்கும். எனக்கு முட்டி வலி, மணலில் நடக்க முடியாது. வீட்டில் இருக்கிறேன் என்றேன். காலையிலேயே எல்லோரும் போய்விட்டார்கள். பவுனுவுக்கும் லீவு.

பொழுது போகவில்லை. ஷெட்டுப் பக்கம் போனேன். கதவில் ஒரு கயிறு கட்டியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே கயிற்றில் மூட்டை மூட்டையாகத் தொங்கியது. கண்ணாடி மாதிரி பை. உள்ளே வைக்கோல் முழுக்க வெள்ளைப் பூசணம்.

நான் காளான் மூட்டை பார்த்திருக்கிறேன். பையில் ஓட்டை போட்டிருப்பார்கள், ஓட்டை வழியாகக் குடை குடையாக வரும். இதில் ஓட்டை இல்லை, காளானும் இல்லை. வெள்ளையாக அடைத்துக்கொண்டு, புளித்த வாசனை. கதை முடிந்தது, இந்தப் பெண் இத்தனை பாடுபட்டது பூசணம் பூத்துவிட்டதே என்று எனக்குத் திக்கென்றது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுச் செவலைப் பசு பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்று வயிறு ஊதிச் செத்தது. மழையில் நனைந்த போரை நான்தான் பிரித்து உலர்த்தியிருக்க வேண்டும், விளையாடப் போய்விட்டேன். எங்கள் அம்மா அடிக்கவில்லை, பேசவும் இல்லை. அன்றிலிருந்து நனைந்த வைக்கோலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இருக்காது. பிரித்துப் போடு, வெயில் காட்டு, உதறு. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பின்வாசலில் தார்ப்பாயை விரித்தேன். ஒவ்வொரு மூட்டையாக இறக்கி வாயைப் பிரித்தேன். மொத்தம் இருபது என்று ஞாபகம், இருபத்திரண்டாகவும் இருக்கலாம். கட்டி கட்டியாக வந்ததைக் கையால் பிய்த்து உதறினேன். முட்டி வலி தெரியவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விருந்தாளியாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த வீட்டில் நானும் ஒரு வேலை செய்கிறேன் என்று.

மத்தியானம் போன் வந்தது. ரேவதி. பின்னால் மேளச் சத்தம்.

"அத்தை, சாப்டீங்களா? கொழம்பு சூடு பண்ணிக்கோங்க. அப்புறம், ஷெட்டு கதவ மட்டும் தொறக்காதீங்க. சொல்ல மறந்துட்டன். பத்து நாளு தான் ஆச்சி, இப்ப காத்து பட்டா பச்சை பூசணம் புடிச்சிக்கும், எல்லாம் போச்சி. சுருளிக் கெழங்கு வாங்கியாரன் உங்களுக்கு."

"சரிம்மா" என்றேன்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பிரித்தது தெரியாமல் செய்தது. தெரிந்து செய்தது அதற்கப்புறம்தான். காய்ந்துவிட்டதே என்று குடத்துத் தண்ணீரை எடுத்து மேலே தெளித்தேன். கொதிக்கவைக்காத தண்ணீர். அள்ளி அள்ளி எல்லாப் பையிலும் திணித்தேன், முடிச்சு போட்டேன், தூக்கி மாட்டினேன். தார்ப்பாயை உதறி மடித்தேன். முற்றத்தில் ஒரு துரும்பு இல்லாமல் பெருக்கினேன். அவர்கள் வந்தபோது நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேவதி திருவிழாவில் வாங்கி வந்த கிழங்கை உரித்து என் கையில் கொடுத்தாள். தின்றேன்.

6

மறுநாள் காலையில் பவுனு ஷெட்டுக்குள் போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். வந்தவள் என்னைப் பார்த்தாள். "குளிச்சிட்டீங்களா பெரிம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கோல் நறுக்கப் போய்விட்டாள்.

நாலைந்து நாளில் மூட்டைக்குள் பச்சை தெரிந்தது. முதலில் ஒரு பொட்டு மாதிரி. ஒரு வாரத்தில் எல்லாப் பையிலும் பாசி மாதிரி பரவிவிட்டது. ரேவதி ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிக்கு மாதிரி கொடுக்க வேண்டிய தேதி மாசியில். இனிமேல் போட்டால் முடியாது.

"பவுனு, தண்ணி நல்லா கொதிச்சிதா அன்னிக்கி?"

"கொதிச்சிது ரேவதி. ஒன்ற மணி நேரம். செல்போன்ல டைம் பாத்துகினே தான் உக்காந்திருந்தன்."

"அப்புறம் எப்படி வரும்? கை கழுவனியா?"

"கழுவனன்."

"கழுவனா எப்படி பவுனு வரும்? நானே தப்பு பண்ணனா?"

பவுனு என் பக்கம் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் நான் ஒருவேளை சொல்லியிருப்பேன். இப்படி ஒரு சாக்கு இத்தனை மாதமாக எனக்குள் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் சரோஜா வாயைத் திறந்தாள். "அப்பவே சொன்னன். தாலியறுத்த கையால வித்து போட வெக்காதன்னு. நீ படிச்சவ, கேக்கல."

எங்கள் பக்கம் இந்தப் பேச்சு உண்டு. ஊறுகாய் பூத்துப்போனால், விதை முளைக்காமல் போனால், யார் கை பட்டது என்று பார்ப்பார்கள். சரோஜா கெட்டவள் இல்லை, கோபத்தில் சொன்னாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாயந்தரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நானும் புருஷனை இழந்தவள்தான். அந்த வீட்டில் நான் குத்துவிளக்கு ஏற்றினேன். "அண்ணி, நீங்க ஏத்துங்க" என்று சரோஜாதான் தீப்பெட்டி கொடுத்தாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள் கை வேறு.

பவுனு மறுநாள் வரவில்லை. ரேவதி வரச் சொல்லவும் இல்லை. அதற்கப்புறம் விதை நெல் ஊறப்போடவும் அவளை யாரும் கூப்பிடவில்லை. களை எடுக்கக் கூப்பிட்டார்கள், நாற்று விட வேண்டாம் என்றார்கள்.

நான் திரும்பிப் பிரான்சுக்குக் கிளம்பிய அன்று கார் தெருமுனையில் திரும்பும்போது அவள் நின்றிருந்தாள். கண்ணாடியை இறக்கச் சொன்னேன். அவள் குனிந்து, டிரைவருக்குக் கேட்காத மாதிரி சொன்னாள்:

"பெரிம்மா, நான் மூட்டைய நாத்துக் கட்டு மாரி ஒரு சுத்து சுத்தி நுனிய உள்ள செருகுவன். அன்னிக்கி எல்லா மூட்டையிலயும் ரெட்ட முடிச்சி இருந்திச்சி." அப்புறம் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "போய் வாங்க பெரிம்மா, ஒடம்ப பாத்துக்கோங்க" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விருந்துக்கு வந்தவளை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பாள். அல்லது நானே சொல்வேன் என்று ஏர்போர்ட்டுக்குப் போகிற நாள் வரைக்கும் காத்திருந்திருப்பாள். கார் போய்விட்டது. நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

7

ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே காலையில் எழுந்து, காப்பி போட்டு, லீனாவுக்கு ரொட்டி வாட்டிவைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தால், எதிரே பெரிய வயல் தெரியும். கோதுமை. அறுவடை முடிந்ததும் வைக்கோலை மிஷின் உருட்டி உருளையாகப் போட்டிருக்கும். மழை பெய்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

பார்சல் வந்த பிறகு தட்டைப் பிரிட்ஜின் மேல் வைத்தேன். லீனா எடுத்துப் பார்த்தாள். போனில் ஏதோ தேடி, இதில் காளான் வேலை செய்கிறது என்று அவளே அம்மாவிடம் பிரெஞ்சில் ஆச்சரியமாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் புரியவில்லை. வழக்கம்போல் தலையாட்டப் போனேன். கழுத்து அசையவில்லை. "புரியலம்மா" என்று தமிழில் சொன்னேன். அவள் மெதுவாக, கையால் காட்டிக் காட்டிக் கேட்டாள். இதைச் செய்தது யார் என்று கேட்டிருக்கிறாள். "ரேவதி" என்றேன். பவுனு பெயரைச் சொல்லவில்லை, அதுவும் பாதி உண்மைதான்.

அன்று விமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"விடும்மா. ஒரு வருஷம் ஆச்சி. இப்ப சொன்னா மாமா வூட்டுல எல்லாருக்கும் கஷ்டம். அந்த அம்மாவுக்கு ஏதாவது அனுப்பு, முடிஞ்சிது."

"அவ கைய பத்தி பேசறாங்கடி."

"கை சுத்தம், கைராசின்னு இந்தக் காலத்துல யாரும்மா பாக்கறாங்க?"

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது. அவள் இங்கே பிறந்தவள். ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் பழைய பாஸ்போர்ட் முடிந்து புதுசு வந்திருக்கிறது, விசாவுக்குப் பதிலாக இந்தியா போக வைத்திருக்கிற கார்டில் பழைய நம்பர். அதை மாற்ற கம்ப்யூட்டரில் போட்டோ ஏற்ற வேண்டும், நான் கொடுத்த போட்டோவை மூன்று தடவை திருப்பிவிட்டது. நெற்றியில் வெளிச்சம் அதிகமாம். ஆனால் இதுவும் சாக்குதான். கார்டு கையில் இருந்தாலும் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

தை ஐந்து அன்று காலையில் ரேவதிக்குப் போன் செய்தேன். தட்டு நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"குடத்துத் தண்ணியா தெளிச்சீங்க?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"கொழாத் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?"

"கெணறு."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "நான் அவள எப்படி எப்படியோ கேட்டுட்டன் அத்தை" என்றாள். பின்னால் சரோஜாவின் குரல்: "இன்னாடி, அண்ணியா? எதுக்கு இப்ப கிளறணும்? போன வெக்க சொல்லு."

8

நாலு நாள் கழித்து ரேவதியே கூப்பிட்டாள். அவள் பவுனுவின் வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறாள். வேலைக்கு வந்துவிடு, உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கிறாள். பவுனு இப்போது தவளக்குப்பம் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாளாம். ரேவதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பெரிம்மா சொன்னாங்களா?" என்று கேட்டாளாம் பவுனு.

"சொன்னாங்க."

"நல்லது. ஒரு வருஷம் ஆயிடுச்சி."

"நாளைக்கே வந்துடு பவுனு. இன்னும் ரெண்டு டிரம்மு வாங்கியிருக்கன். நீ இல்லாம முடியல."

"வேல இருக்குது எனக்கு. வேலைக்கா நான் அழுதன்? நீ என் வூட்டுக்குள்ள வந்து தப்பு இல்லன்ற. உங்கம்மா சொன்னது தெருவுல. உள்ள சொன்னா தெருவுல எப்படி போவும்? என் பொண்ணுக்கு மாப்ள பாக்க வந்தவங்க, இந்த வூட்டுக்காரி கைப்பட்டு வெள்ளாமை கெட்டுச்சாமேன்னு கேட்டுட்டுப் போனாங்க. அவங்க வூட்டுக்கும் நீ போய் டீ குடிச்சிகினு சொல்லுவியா?"

பவுனுவின் பெண்ணுக்கு வந்த இடம் தட்டிப்போனது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் பெருக்கிய முற்றம் எத்தனை தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

"நான் இன்னா செய்யணும்னு கேளு" என்றேன் ரேவதியிடம். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள். "தெருவுல சொல்லணுமாம் அத்தை. அவ்ளோ தான் சொன்னா. அம்மா வேணாம்ன்றாங்க. குடும்ப மானம் போயிடும்ன்றாங்க. நீங்க தான் சொல்லணும்."

அதனால்தான் இதை எழுதினேன். பத்து நாள் ஆனது எழுதி முடிக்க. ஒரு தடவை என் பெயர் இல்லாமல் எழுதினேன், "ஒரு அம்மா" என்று. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சரோஜாவுக்கு இதைப் படித்தால் கோபம் வரும். அவள் சொன்ன வார்த்தையை எழுதாமல் இருக்க முடியவில்லை, ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் வருவதற்கு இடம் கொடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அன்றைக்கு டிரம்மில் தண்ணீர் கொதித்தது. வித்து போட்ட கை சுத்தமான கை. ஷெட்டைத் திறந்தது, மூட்டையைப் பிரித்தது, கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தது, மறுபடி கட்டி மாட்டியது, வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாம் நான். குருவிநத்தம் குப்பம்மாள்.

பத்திரிகை நடத்துகிற ஐயாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு வேண்டுகோள். நான் மறதிக்காரி. இதை அச்சில் போடுவதற்கு முன்னால் உங்கள் ஆள் யாராவது குருவிநத்தம் போய் சரிபார்த்து வர வேண்டும். மூட்டை இருபதா இருபத்திரண்டா, பச்சை வந்தது எந்த நாள், ரேவதி கேட்ட கேள்வியும் சரோஜா சொன்ன சொல்லும் இப்படித்தானா என்று பவுனுவைக் கேளுங்கள். அவள் சொல்கிறபடி திருத்துங்கள். அவள் தன் பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், என் பெயர் இருக்கட்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். உள்ளே வந்து உட்காரச் சொல்லுவாள், டீ கொடுப்பாள். உட்கார வேண்டாம். வாசலில் நின்று, அந்தத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி படியுங்கள்.